ஆவாரையை அழியவிடாமல் காப்பது எப்படி: கொங்கு மானாவாரிக் காட்டுக்கு ஒரு வழிகாட்டி

மார்கழி முடியும் நாளில் காப்புக் கட்டுவதற்கு வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றும் வேண்டும். வீட்டு வாசல், கட்டுத்தரை, தோட்டம், காடு என்று எல்லா இடத்திலும் செருகுவார்கள். இருபக்கமும் வேலி போட்ட வண்டிப்பாதையான இட்டேரியில் நாலு எட்டு நடந்தால் கைநிறையக் கிடைத்த பூவை இன்று பல ஊர்களில் சந்தையில் கட்டுக்கட்டாக விலைக்கு வாங்குகிறார்கள். செடி அரிதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் செவல் நிலத்தில் இன்னும் பரவலாக நிற்கிறது. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் அது நிற்கும் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. இட்டேரி தார்ச்சாலையாகிறது, மேய்ச்சல் காடான கொறங்காடு மனையாகிறது, வேலியோரம் களைக்கொல்லியில் கருகுகிறது.

சொந்தமாகக் கொஞ்சம் மேட்டாங்காடு இருப்பவர்கள், பள்ளிக்கூட வளாகத்தையோ ஊர்ப் புறம்போக்கையோ பசுமையாக்க நினைப்பவர்கள், புதிதாக நிலம் வாங்கி என்ன செய்வதென்று யோசிப்பவர்கள் ஆகியோருக்கு இது எழுதப்படுகிறது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஆவாரையைக் காப்பதில் முக்கால் பங்கு வேலை, ஏற்கெனவே நிற்கும் செடியை வெட்டாமல் விடுவதுதான். புதிதாக விதைப்பது அதற்கு அடுத்த வேலை.

முதலில் செடியை அடையாளம் காணுங்கள்

மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரை அல்ல. ஆவாரை ஓர் ஆள் உயரத்துக்கு, சில இடங்களில் அதற்கு மேலும் வளரும் புதர்ச்செடி. பட்டை பழுப்பு நிறம். ஓர் இலைக்காம்பில் 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் இருக்கும். சிற்றிலை நீள்வட்டமாக, நுனி மழுங்கி, அந்த நுனியில் சின்னதாக ஒரு முள்போன்ற முனையோடு இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல்போல் அகலமான இரண்டு இலையடிச் செதில்கள் உதிராமல் ஒட்டியிருக்கும். ஐயம் வந்தால் இந்தச் செதிலைப் பாருங்கள், பூ இல்லாத காலத்திலும் இது காட்டிக்கொடுத்துவிடும். காய் தட்டையாக, காகிதம்போல் மெல்லியதாக, விதைக்கு விதை குறுக்கே மடிப்பு விழுந்திருக்கும்.

பேயாவாரைக்கு நாலைந்து இணைச் சிற்றிலைதான், நுனி கூராக இருக்கும், கசக்கினால் நாற்றமடிக்கும். தகரைக்கு மூன்று இணைதான், நுனிப்பக்கம் அகன்றிருக்கும், காய் குச்சிபோல் ஒல்லியாக நீண்டிருக்கும். இரண்டும் மழைக்கு முளைத்து வெயிலில் காயும் சிறுசெடிகள். நிலாவாரை என்பது மருந்துக்காகப் பயிரிடப்படும் வேறு இனம்.

இன்னொரு எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். நாற்றங்காலில் "மஞ்சள் பூ, சீக்கிரம் வளரும், தண்ணி வேண்டாம்" என்று சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரக்கன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அது முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, கீழே புல்லை வளரவிடாமல் செய்கிறது. வனத்துறை அதை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது. சொர்ணப்பட்டி என்கிற மஞ்சள் எக்காளப்பூச் செடியும் தானாகப் பரவும் வகைதான்.

பழைய மூலிகை நூல்களில் ஆவாரையை காசியா ஆரிகுலேட்டா என்று பார்ப்பீர்கள். இப்போது சென்னா ஆரிகுலேட்டா என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே செடி.

அது எதை நம்பி வாழ்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் நட்டால் செடி இருக்கும், காய் பிடிக்காது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வண்டுக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டும். அந்த மகரந்தமும் திறந்து கிடக்காது. மகரந்தப்பையின் நுனியில் சின்னத் துளை உண்டு. பூவைக் கட்டிப்பிடித்து, இறக்கைத் தசையை அதிரவைத்து "ர்ர்ர்" என்று உதறுகிற வண்டுக்குத்தான் அது கொட்டும். பெரிய கருவண்டு, அதாவது மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் தச்சுத்தேனீ, இதில் கெட்டிக்காரி. அடிவயிற்றில் நீலப் பட்டை போட்ட சின்னக் காட்டுத் தேனீயும் இதைச் செய்யும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த உதறல் வராது. ஆகவே தேன்பெட்டி வைத்தால் ஆவாரை நன்றாகக் காய்க்கும் என்று நம்ப வேண்டாம்.

கருவண்டுக்கு வேண்டியது காய்ந்த மரம். பட்டுப்போன கிளை, காய்ந்த மூங்கில், வேலியோரம் சாய்ந்த கட்டை இவற்றில் அது துளையிட்டு முட்டை வைக்கும். இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாக் கட்டையையும் விறகுக்கு எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு பூவில் வண்டு இருக்காது. ஏக்கருக்கு நாலைந்து காய்ந்த கட்டைகளையாவது அப்படியே விடுங்கள்.

அடுத்தது வண்ணத்துப்பூச்சி. கேட்டாப்சிலியா என்னும் வெளிர்பச்சை கலந்த வெள்ளைப் பூச்சியும், சின்ன மஞ்சள் புல்வெளிப் பூச்சிகள் சிலவும் ஆவாரை இனச் செடிகளின் கொழுந்தில் முட்டை வைக்கும். பச்சைப் புழு, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு. மழைக்குப் பின் சில செடிகள் மொட்டையாகிற அளவுக்குத் தின்னும். புதிதாக வளர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் பயந்துபோய் மருந்தடிக்கிறார்கள். அடிக்காதீர்கள். வேர்விட்ட செடி சில வாரங்களில் மறுபடி தழைத்துவிடும். மருந்து புழுவோடு கருவண்டையும் கொல்லும். நாற்றுப் பருவத்தில் மட்டும், நாலு இலைகூட இல்லாத கன்றிலிருந்து புழுவைப் பொறுக்கிப் பெரிய செடியில் விடலாம்.

இலைக்காம்பில் சிற்றிலை இணைகளுக்கு நடுவே சின்னச் சுரப்பிகள் உண்டு. பூவில் இல்லாத இனிப்பு இங்கே கசியும், அதற்காக எறும்பு ஏறும். செடியில் எறும்பு இருப்பது நோயல்ல.

பயறு வகைக் குடும்பமாயிற்றே, மண்ணுக்குத் தழைச்சத்து ஏற்றும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கொழுஞ்சிபோல், தட்டைப்பயறுபோல் ஆவாரை வேர்முடிச்சு போடாது. அதனால் மண்ணுக்குக் கிடைப்பது உதிரும் இலையும், ஆழமாக இறங்கும் ஆணிவேர் கீழிருந்து மேலே கொண்டுவரும் சத்தும்தான். தழையை வெட்டி வயலில் மிதித்த பழைய வழக்கம் அந்தத் தழைக்காகத்தான்.

எங்கே நிற்கும், எங்கே நிற்காது

செவல் சரளை, சுக்கான் மண், கல்லுக்கரடு, வேலியோரம், ஓடைமேடு எல்லாவற்றிலும் ஆவாரை நன்றாக வரும். தண்ணீர் தேங்கும் இடத்தில் வராது. களிமண் கரிசலில் மழைத்தண்ணீர் இரண்டு மூன்று நாள் நின்றால் இளங்கன்று அழுகிவிடும். அங்கே வைக்க வேண்டுமானால் வரப்புமேட்டில் வையுங்கள். மர நிழலிலும் பூக்காது, வெயில் முழுக்க விழ வேண்டும்.

கொறங்காடு வைத்திருப்பவர்களோடு பேசும்போது ஒரு நியாயத்தை மறக்கக் கூடாது. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப்புல் என்று அமைந்த அந்த மேய்ச்சல் காடு காங்கேயம் மாட்டுக்கும் செம்மறிக்கும் தீனி. ஆவாரையை மாடு விரும்பி மேயாது. மேயாததால் அது பெருகி, நடுக்காட்டில் புல்லின் இடத்தைப் பிடிக்கும். ஆகவே அவர்கள் அதை வெட்டுவது அறியாமையால் அல்ல. வேலியை ஒட்டி உள்பக்கம் இரு கையை விரித்த அகலத்தையும், பாறைத் திட்டையும், படலுக்குப் பக்கத்தையும் ஆவாரைக்கு விடச் சொல்லிக் கேளுங்கள். புல் நிறைந்த நடுப்பகுதியைக் கேட்காதீர்கள். இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நிற்பதைக் காப்பது

இடத்தைச் சுற்றிவந்து செடிகளை எண்ணுங்கள். பூத்திருக்கும் தை மாதம் இதற்குத் தோதானது, தூரத்திலிருந்தே தெரியும். எண்ணும்போது பெரிய செடி, முழங்கால் உயரக் கன்று, அந்த ஆண்டு முளைத்த நாற்று என்று மூன்றாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய செடி நிறைய இருந்து நாற்றே இல்லையென்றால் அங்கே ஏதோ தவறு நடக்கிறது. காய் முற்றுமுன் பறித்துவிடுகிறார்கள், அல்லது ஆண்டுதோறும் தீ வைக்கிறார்கள், அல்லது உழுதுவிடுகிறார்கள். காரணத்தை நிறுத்தாமல் அங்கே விதைத்துப் பயனில்லை.

தீயைப் பற்றி: மாசி, பங்குனியில் காய்ந்த புல்லுக்கு வைக்கும் தீயில் பெரிய ஆவாரை கருகினாலும் பெரும்பாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். நாற்றுகள் அத்தனையும் போகும். வெட்டுவதும் அப்படித்தான். தரையிலிருந்து அரை அடி விட்டு வெட்டிய செடி மழைக்குப் புதர்போல் கிளைத்துவரும். பொக்லைன் வேரோடு பெயர்த்ததும், களைக்கொல்லி வேர்வரை இறங்கியதும் திரும்ப வராது. ஆகவே வேலியோரத்தைச் சுத்தம் செய்தே ஆக வேண்டுமானால் அரிவாள் போதும், களைக்கொல்லி வேண்டாம். ஊராட்சி வேலையாக ரோட்டோரம் செதுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், முதல்நாளே போய் ஆவாரைச் செடிகளில் ஒரு துணித்துண்டைக் கட்டி, மேற்பார்ப்பவரிடம் சொல்லிவையுங்கள். செதுக்குபவர்களுக்கு எது வேண்டியது, எது வேண்டாதது என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் விட்டுவிடுவார்கள்.

சீமைக்கருவேலன் மூடிய இடமாக இருந்தால் ஆவாரைக்கு வெயில் கிடைக்காது. மேலே வெட்டினால் அது இன்னும் அடர்ந்து வரும். சிறு கன்றுகளை மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். பெரியதைச் சுற்றிப் பறித்து, தரைக்குக் கீழே ஓர் அடி ஆழம்வரை அடிக்கட்டையை எடுங்கள். உண்ணிச்செடிக்கு அவ்வளவு தோண்ட வேண்டாம். மண்ணுக்குள் மூன்று நாலு விரற்கடை இறக்கி வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகச் சாய்த்துவைத்தால் போதும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன், கையுறை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு பிடுங்குங்கள், பலருக்கு ஒவ்வாமை வரும். எந்த வேலையானாலும் ஒரே நாளில் நிலத்தை முழுக்கத் திறந்துவிடாதீர்கள். வெறும் நிலத்தில் முதலில் முளைப்பது பார்த்தீனியம்தான். கால் பங்கு, கால் பங்காகச் செய்து, திறந்த இடத்தில் உடனே கொழுக்கட்டைப்புல் விதையையும் ஆவாரை விதையையும் போடுங்கள்.

விதை எடுப்பது

பச்சைக்காயைப் பறிக்கக் கூடாது. காய் பழுப்பாகி, குலுக்கினால் சலசலக்க வேண்டும். மழைக்காலப் பூவுக்கு அது பெரும்பாலும் மாசி, பங்குனியில் வரும். ஆண்டில் வேறு பருவத்திலும் பூத்துக் காய்க்கும் என்பதால், மாதத்தைவிடக் காயின் நிறத்தை நம்புங்கள்.

ஒரே செடியில் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். குறைந்தது 10 செடிகள், அவை ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு காய்க்கு மேல் தொடவேண்டாம். உங்கள் நிலத்துக்கு அருகே, அதே மாதிரி மண்ணில் நிற்கும் செடியின் விதைதான் சிறந்தது. எங்கிருந்தோ வரும் பொட்டல விதையில் வேறு இனம் கலந்திருக்கலாம்.

அளவு இப்படிக் கணக்கிடலாம். விதைக்கத் தோண்டும் 100 குழிக்கு, குழிக்கு 5 விதை வீதம் 500 விதை வேண்டும். ஒரு காயில் பத்துப் பதினைந்து விதை இருக்கும், ஆனால் அதில் கணிசமான பங்கை விதைத்துளைப்பான் வண்டு தின்றிருக்கும். ஆகவே 120 முதல் 150 காய் எடுத்தால் கைக்குச் சரியாக இருக்கும். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சாக்கில் போட்டுத் தட்டி, முறத்தில் புடைத்து எடுங்கள். ஊசித்துளை விழுந்த விதையைத் தள்ளுங்கள். மீதியைத் தண்ணீரில் போட்டு மிதப்பதையும் கழித்து, உடனே உலர்த்துங்கள். காய்ந்த விதையைச் சாம்பல் கலந்து மூடிய போசியில் வைத்தால் விதைக்கும் காலம்வரை கெடாது.

விதையை எழுப்புவது

"விதைத்தேன், முளைக்கவில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள். ஆவாரை விதையின் தோல் தண்ணீர் புகாத கெட்டி. காட்டில் வெயிலும் மண்ணும் மாதக்கணக்கில் அரித்துத்தான் அது திறக்கும். ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்துச் செத்துப்போகாமல் இருக்க இது செடியின் ஏற்பாடு. நமக்கோ ஒரே பருவத்தில் முளைக்க வேண்டும்.

குறைந்த விதையானால் சொரசொரப்பான உப்புத்தாளில் ஒருபக்கம் லேசாகத் தேயுங்கள். பளபளப்பு போனால் போதும், உள்பருப்பு தெரியக் கூடாது. நிறைய இருந்தால் வெந்நீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும், விதையின் அளவைப்போல் ஐந்து மடங்கு தண்ணீரை விதைமேல் ஊற்றி, அப்படியே இரவு முழுக்க ஆறவிடுங்கள். அடுப்பின் மேலேயே விதையை வேகவைத்தால் கரு செத்துவிடும். காலையில் ஊதிப் பருத்தவற்றை எடுத்து அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். ஊதாதவற்றுக்கு இன்னொரு முறை அதையே செய்யலாம். அமிலத்தில் நனைக்கும் முறை ஆய்வுக்கூடத்துக்கு உரியது, வீட்டில் வேண்டாம்.

ஒரு பங்கு விதையை எதுவும் செய்யாமல் அப்படியே கலந்து போடுவது நல்லது. முதல் மழைக்கு முளைத்தவை வறட்சியில் போனாலும் அடுத்த பருவத்துக்கு மண்ணுக்குள் விதை இருக்கும்.

விதைப்பது

கொங்குச் சமவெளிக்கு வடகிழக்குப் பருவமழைதான் காலம். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி தொடக்கத்திலோ இரண்டு நல்ல மழை பெய்து, மண் ஒரு சாணுக்கு நனைந்த பிறகு விதையுங்கள். சித்திரை, வைகாசிக் கோடைமழையைப் பார்த்து அவசரப்படுபவர்கள் நிறைய. அந்த மழைக்கு விதை முளைக்கும். பிறகு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காத்து மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, விரல் நீள நாற்றுகளைக் காயவைத்துவிடும். ஐப்பசியில் முளைத்ததற்கு மேல்காத்து வருமுன் வேர் இறங்க எட்டு மாதம் கிடைக்கிறது.

ஓர் அடி அகலத்துக்கு, அரை அடி ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி இளக்குங்கள், மண்ணை வெளியே எடுக்க வேண்டாம். சரிவான நிலமானால் கீழ்ப்பக்கம் பிறைபோல் ஒரு சிறு கரை கட்டுங்கள். ஐந்து விதையைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் போட்டு, விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு, அதாவது ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மண் மூடுங்கள். ஆழமாகப் போனால் முளை மேலே வராது. குழிக்கு மேற்குப் பக்கம் இரண்டு மூன்று கல் அடுக்குங்கள். காற்றையும் தடுக்கும், கல்லுக்கு அடியில் ஈரமும் நிற்கும். எருவோ உரமோ தேவையில்லை. எரு போட்டால் களைதான் முந்திக்கொள்ளும்.

குழிக்குக் குழி ஐந்தாறு அடி இடைவெளி. நேர்கோட்டில் தோப்புபோல் வைக்காமல் பத்துப் பதினைந்து குழிகளைக் கூட்டமாக வையுங்கள். கூட்டமாகப் பூத்தால் கருவண்டு தேடி வரும், ஒரு செடியின் மகரந்தம் இன்னொன்றுக்குப் போகும்.

முளைத்தவற்றில் முழங்கை உயரம் வந்ததும் நல்லதாக ஒன்றிரண்டை விட்டு மீதியைத் தரையோடு நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

பையில் வளர்த்து நடலாமா? பள்ளி வளாகம்போல் மிதிபடும் இடத்துக்கு வேறு வழியில்லை. அகலம் குறைந்து உயரம் கூடிய பையாக எடுத்து, இரண்டு மூன்று மாதத்துக்குள் நட்டுவிடுங்கள். அதற்கு மேல் பையில் இருந்தால் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடும். சுருண்ட வேர்ச்செடி முதல் ஆண்டு நன்றாகத் தெரியும், இரண்டாம் கோடையில் காரணமே இல்லாததுபோல் காயும். இதே காரணத்தால் காட்டில் நிற்கும் பெரிய செடியைப் பெயர்த்து நடுவதும் பிழைக்காது.

பிறகு பார்க்க வேண்டியவை

நேரடியாக விதைத்ததற்குத் தண்ணீர் விடாதீர்கள். மேலாகக் கிடைக்கும் தண்ணீருக்கு வேர் மேலேயே நின்றுவிடும். கார்த்திகையில் மழை பொய்த்தால் மட்டும் வாரம் ஒருமுறை குழிக்கு இரண்டு லிட்டர், அதுவும் தை வரைக்கும் போதும். பையில் வளர்த்து நட்டதற்கு முதல் கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தேவைப்படும்.

முதல் ஆண்டு குழியைச் சுற்றி ஓர் அடிக்குள் மட்டும் களை எடுங்கள். வெள்ளாடு நடமாடும் இடமானால் கிளுவை முள்ளோ வெள்வேல முள்ளோ வெட்டிச் சுற்றிப்போடுங்கள். ஆவாரை ஆட்டுக்குப் பிடித்த தீனி இல்லையென்றாலும் கொழுந்தைக் கடித்துப் பார்க்கும், காலால் மிதிக்கும். இரண்டாம் ஆண்டில் பெரும்பாலான செடிகள் பூத்துவிடும்.

பூவும் பட்டையும் எடுக்கும் முறை

காப்புக் கட்டுக்கும் ஆவாரம்பூத் தேநீருக்கும் பூ எடுப்பதால் செடி சாகாது. கிளையோடு ஒடிப்பதால்தான் கெடுகிறது. ஒரு சாண் நீளத்துக்குப் பூங்கொத்தைக் கத்தியால் நறுக்குங்கள். மூன்று கொத்தில் ஒன்றை எடுத்து இரண்டை விடுங்கள். முதன்முதலாகப் பூக்கும் செடியைத் தொடவேண்டாம். சந்தைக்குப் பறிப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான் நல்லது, அடுத்த தைக்கும் அதே இட்டேரிக்குத்தான் வரவேண்டும்.

பட்டை வேறு விஷயம். ஆவாரம்பட்டையில் 15 முதல் 20 சதவீதம் துவர்ப்புச் சத்து உண்டு. தமிழகத்துத் தோல் பதனிடும் தொழில் ஒரு காலத்தில் இதை நம்பியே நடந்தது. பின்பு வாட்டில் என்னும் வெளிநாட்டு மரத்தின் பட்டையும் ரசாயனங்களும் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று மருந்துக்கும் இயற்கைச் சாயத்துக்கும் கேட்கிறார்கள். நிற்கும் தண்டில் சுற்றிலும் உரித்தால் அதற்கு மேலுள்ள பகுதி நிச்சயம் காயும். தேவைப்பட்டால் மூன்றாண்டுக்கு மேற்பட்ட செடியில், பல தண்டுகளில் ஒன்றிரண்டை மட்டும், தரையிலிருந்து அரை அடி விட்டு, மழைக்குச் சற்று முன்பு சாய்வாக வெட்டி, வெட்டிய தண்டிலிருந்து உரியுங்கள். அடிக்கட்டை மழையில் துளிர்க்கும். அதே செடியிடம் இன்னும் மூன்றாண்டுக்குப் போகாதீர்கள்.

புறம்போக்கில் செய்வதானால்

இட்டேரியும் மேய்ச்சல் புறம்போக்கும் யாருடைய தனி நிலமும் அல்ல. ஊராட்சியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். நீங்கள் தை மாதம் எண்ணிய கணக்கை, இடம், செடி எண்ணிக்கை, நாற்று எண்ணிக்கையோடு அந்தப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். சாலை அகலப்படுத்தும் பேச்சு வரும்போது, "இங்கே ஒன்றுமில்லை, வெறும் புதர்" என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

மூன்றாம், நாலாம் ஆண்டு ஐப்பசியில், நீங்கள் விதைக்காத இடத்தில் நாற்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். முளைத்திருந்தால் அந்தத் திட்டில் இனி விதைக்கவோ கொத்தவோ வேண்டாம். உழவு ஓட்டும் எல்லைக்குப் பக்கத்தில் முளைத்தவற்றுக்கு மட்டும் இடுப்புயரக் குச்சி ஒன்றை நட்டுச் சுண்ணாம்பு தடவிவையுங்கள், டிராக்டர் ஓட்டுபவர் கண்ணில் படும்.